அந்நியனின் ஊதியம்

நம் பங்குகளிலிருந்து ஒருவர் ஆசிரியப் பணிக்காகக் கடல் கடந்து செல்கிறார் என்றால், வழியனுப்ப வந்தவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதே. எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் மாலத்தீவுக்கும் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கச் சென்றவர்களை நாம் அறிவோம். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளையும், நடந்த திருமணங்களையும் அறிவோம். ஆகவே அக்கேள்வியில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் அந்தச் சம்பளம் எதற்காகத் தரப்படுகிறது என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கற்பிக்கும் பாடத்திற்காகவா, அல்லது கற்பிப்பவர் அயலார் என்பதற்காகவா? இந்த வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்த ஒருவரைப் பற்றி இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம். அவர் சென்ற நாடு ஜப்பான். காலம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதி.

லாஃப்காடியோ ஹெர்ன் 1850 ஜூன் 27 அன்று கிரேக்கத்தின் லெஃப்காதா தீவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயப் படையில் மருத்துவராயிருந்த அயர்லாந்துக்காரர். தாய் கிரேக்கப் பெண். இரண்டு வயதில் டப்ளின் நகருக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தையைத் தாய் சில ஆண்டுகளிலேயே பிரிந்து தம் நாடு திரும்பினார், தந்தையும் ஒதுங்கினார். கத்தோலிக்க மறையைத் தழுவியிருந்த தந்தைவழிப் பெரிய அத்தையார் ஒருவரே அவரை வளர்த்தார். இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியிலிருந்த அஷா கத்தோலிக்கக் கல்லூரியில் சேர்த்தார். அங்கே விளையாட்டுத் திடலில் நேர்ந்த விபத்தில், 1866 இல், பையனின் இடக்கண் பார்வை போயிற்று. அத்தையாரின் செல்வமும் பின்னர் கரைந்தது. 19 வயதில் கையில் ஏதுமின்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்கப்பட்டார். அங்கே இருபது ஆண்டுகள் செய்தித்தாள்களில் எழுதிப் பிழைத்தார். திருச்சபையோடு அவருக்கிருந்த உறவு இளமையிலேயே அறுந்துவிட்டது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிறகும் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

1890 ஏப்ரல் மாதத்தில் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு யோக்கோஹாமா துறைமுகத்தில் இறங்கினார் ஹெர்ன். வந்த சில நாட்களிலேயே, தம் கட்டுரைக்குப் படம் வரைய உடன் வந்த ஓவியருக்குத் தம்மைவிட அதிக ஊதியம் என்று அவருக்குத் தெரியவந்தது. கோபத்தில் பத்திரிகையோடு உறவை முறித்துக்கொண்டார். புதிய நாடு, அறியாத மொழி, 40 வயது, ஒற்றைக்கண் பார்வை, வெறுங்கை. ஊதியத்தில் ஒளிந்திருக்கும் அவமதிப்பை அவர் பொறுத்துக்கொண்டதே இல்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பிற்காலத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

அப்போது டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த சேம்பர்லேன் என்னும் ஆங்கிலேயர் அவருக்கு ஒரு வேலை தேடித் தந்தார். ஜப்பான் கடலோரத்தில், இருப்புப்பாதை எட்டாத மாட்சுவே என்னும் சிற்றூரின் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் ஆங்கிலம் கற்பிக்கும் பணி அது. மாதச் சம்பளம் 100 யென்.

இந்த நூறு யென்னின் மதிப்பை உணர, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1868 இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின் ஜப்பானிய அரசு பொறியாளர், மருத்துவர், சட்ட அறிஞர், ஆசிரியர் எனப் பல நூறு அயல்நாட்டாரை விலைகொடுத்து வரவழைத்தது. நாட்டின் தலைமை அமைச்சராயிருந்த சாஞ்சோவுக்கு மாதம் 800 யென். ஒசாக்கா நாணயச்சாலையை நிறுவ வந்த கிண்டர் என்னும் ஆங்கிலேயருக்கோ மாதம் 1,045 யென்! அமைச்சரைவிட அயலாருக்கு அதிகம் கொடுக்க ஓர் அரசு துணிந்தது என்றால், அதற்குப் பின்னால் தெளிவான கணக்கு ஒன்று இருந்தது. இவர்கள் நிலையாக இருக்க வந்தவர்கள் அல்லர். இவர்களிடம் கற்ற ஜப்பானிய இளைஞர்களும், வெளிநாடுகளுக்கு அனுப்பிப் படிக்கவைக்கப்பட்டவர்களும் திரும்பி வந்து அந்த நாற்காலிகளில் அமர வேண்டும். உயர்ந்த சம்பளம் என்பது, சீக்கிரம் விடைபெறப் போகிறவருக்குக் கொடுக்கும் விலை. அயலாரை வைத்துக்கொண்டே அயலார் தேவையில்லாத நிலையை உண்டாக்கிய அந்த அறிவுக்கூர்மையை நாம் வியக்காமல் இருக்க முடியாது. ஹெர்ன் வந்தது அந்தக் காலத்தின் பிற்பகுதியில். பந்தி முடியும் நேரத்தில் இலையில் அமர்ந்தவர் அவர்.

மாட்சுவேயில் 100 யென் பெருந்தொகை. ஊர் அவரைக் கொண்டாடியது. மாவட்ட ஆளுநர் அன்போடு வரவேற்றார். நிஷிதா செந்தாரோ என்னும் உடன் ஆசிரியர், நோயாளியாயிருந்தும், அவருக்கு மொழியாகவும் வழிகாட்டியாகவும் நின்றார். ஆனால் குளிர்காலம் அவரைப் படுக்கையில் தள்ளியது. உள்ளூர் உணவையே உண்பது என்ற உறுதியும் நெடுநாள் நிலைக்கவில்லை. மீண்டும் முட்டைக்கும் இறைச்சிக்கும் திரும்பினார். 1891 தொடக்கத்தில், வீட்டைக் கவனித்துக்கொள்ள 23 வயதான கொய்சுமி செட்சு என்னும் பெண் வேலைக்கு வந்தார்.

செட்சு பிறந்த குலம் வாளேந்திய சாமுராய்க் குலம். தலைமுறை தலைமுறையாக நெல்லாக அளக்கப்பட்டு வந்த அவர்களுடைய மானியத்தை 1876 இல் அரசு நிறுத்தி, ஈடாகக் கடன் பத்திரங்களைக் கொடுத்தது. வணிகம் அறியாத குடும்பங்கள் பல அதை இழந்து வறுமையில் விழுந்தன. செட்சுவைப் பெற்ற வீடும் அவ்வாறே, தத்தெடுத்து வளர்த்த இனாகாக்கி வீடும் அவ்வாறே. பிள்ளைப் பருவத்திலேயே நெசவு வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவர் அவர். அயல்நாட்டான் வீட்டில் வேலைக்குப் போகும் பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்களும் அப்படித்தான் பேசும். அப்பேச்சைத் தாங்கிக்கொண்டே அவர் அவ்வீட்டுக்குள் நுழைந்தார். விரைவில் அவர் அவ்வீட்டின் தலைவியானார்.

ஒரு தனி மனிதருக்குத் தாராளமாயிருந்த சம்பளம் இப்போது இரண்டு குடும்பங்களின் அடுப்பை எரிக்க வேண்டியதாயிற்று. குளிரும் இந்தத் தேவையும் சேர்ந்து 1891 நவம்பரில் அவரைத் தெற்கே குமமோட்டோ நகரின் உயர்நிலைப் பள்ளிக்குக் கொண்டுசென்றன. சம்பளம் இருமடங்கு, 200 யென். ஜூடோ என்னும் மற்கலையைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோதான் அப்போது அப்பள்ளியின் தலைவர். செட்சுவின் வளர்ப்புப் பெற்றோரும் தாத்தாவும் உடன் வந்து தங்கினர், பணியாட்களும் சேர்ந்தனர். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்குத் தாமே சோறு என்று நண்பருக்கு எழுதினார் ஹெர்ன். அதில் புலம்பல் இல்லை. ஒருவகைப் பெருமிதமே தெரிகிறது. தாயும் தந்தையும் கைவிட்ட பிள்ளைக்கு, நாற்பதைக் கடந்தபின், தம்மைச் சுற்றி அமர்ந்து உண்ண ஒரு பந்தி நிறைய மனிதர்கள் கிடைத்தார்கள். 1893 நவம்பரில் மூத்த மகன் கசுவோ பிறந்தான்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி, அயல்நாட்டாரை முறைப்படி மணக்கும் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். ஹெர்ன் ஆங்கிலேயத் தூதரகத்தில் திருமணத்தைப் பதிவு செய்தால் செட்சுவும் மகனும் ஆங்கிலேயராகிவிடுவர். தங்கள் சொந்த மண்ணிலேயே நிலம் வைத்துக்கொள்ள உரிமையற்றவராவர். பதிவு செய்யாமல் விட்டாலோ, அவர் இறந்தால் அவர் சேர்த்து வைத்தது மனைவி மக்களுக்குச் சேரும் என்ற உறுதி இல்லை. ஒரே ஒரு வழி திறந்திருந்தது. மனைவியின் குடும்பத்திற்குள் தத்துப்பிள்ளையாக, நம் பேச்சில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளையாக, அவர் நுழைய வேண்டும். அப்போது அவரே ஜப்பானியராகிவிடுவார். ஆனால் ஜப்பானியரானால், ஜப்பானியருக்குரிய சம்பளந்தானே தருவார்கள்? இந்த அச்சம் அவரை ஆண்டுக்கணக்கில் தடுத்துவைத்தது.

அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. நட்சுமே சோசெக்கி என்னும் இளைஞர், பிற்காலத்தில் ஜப்பானின் மாபெரும் நாவலாசிரியர், 1895 இல் மாட்சுயாமா என்னும் ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராகச் சென்றார். அயல்நாட்டு ஆசிரியர் ஒருவர் இருந்த இடத்தில் அமர்த்தப்பட்டதால் அவருக்கு 80 யென் கிடைத்தது. பள்ளித் தலைவரின் சம்பளமோ 60 யென்தான். அயலார் அமர்ந்த நாற்காலியின் சூடு, அடுத்து அமர்ந்தவர் மீதும் சிறிது ஒட்டிக்கொண்டது எனலாம். அடுத்த ஆண்டு, ஹெர்ன் 200 யென் பெற்றுவந்த அதே குமமோட்டோ பள்ளிக்குச் சோசெக்கி சென்றபோது அவருக்கு 100 யென். பள்ளி ஒன்று, பாடம் ஒன்று; கொடுத்தது பாதி.

ஹெர்ன் 1894 இல் பள்ளியை விட்டு, கோபே துறைமுக நகரில் ஓர் ஆங்கில நாளேட்டில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே எஞ்சியிருந்த ஒரு கண்ணும் அழற்சி கண்டது. இருட்டறையில் படுத்திருக்க வேண்டியதாயிற்று. வேலை போயிற்று. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள், மாதச் சம்பளம் என்ற ஒன்று இல்லாமல், தம் நூல்களின் வருவாயைக் கொண்டே அந்தப் பெருங்குடும்பத்தைக் காத்தார். சாவு வந்தால் இவர்கள் கதி என்ன என்ற கேள்வி அந்த இருட்டறையில்தான் அவரை உலுக்கியிருக்க வேண்டும். 1896 பிப்ரவரியில் அவர் கொய்சுமி யாக்குமோ ஆனார். சம்பளத்தைப் பற்றிய அச்சத்தைவிடப் பிள்ளையைப் பற்றிய அச்சம் பெரிதாகிவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம் அவரை ஆங்கில இலக்கிய விரிவுரையாளராக அழைத்தது. இலக்கியத் துறைத் தலைவர் தோயாமா, பெயர் ஜப்பானியப் பெயரானாலும் அயலாருக்குரிய ஊதியத்தையே அவருக்குப் பெற்றுத் தந்தார்: மாதம் 400 யென், வாரத்திற்கு 12 மணி நேரம். ஒரு நல்லவரின் தயவால் சட்டமும் சம்பளமும் ஆளுக்கொரு திசையில் நின்றன.

நானூறு யென் என்றால் எவ்வளவு? 1871 இல் யென் பிறந்தபோது அது ஏறக்குறைய ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம். ஆனால் நடைமுறையில் வெள்ளி நாணயமாகவே வழங்கியதால், உலகச் சந்தையில் வெள்ளி சரியச் சரிய யென்னும் சரிந்தது. இந்தியாவில் ரூபாயும் அதே நோயால் மெலிந்ததையும், 1893 இல் அரசு நாணயச்சாலைகளை வெள்ளிக்கு மூடியதையும் வரலாறு படித்தோர் அறிவர். 1897 இல் ஜப்பான் பொன் நாணயத்திற்கு மாறியபோது ஒரு யென் அரை டாலர் என்றே நிலைபெற்றது. டோக்கியோவில் அரிசி வாங்கும்போது அவர் செல்வர். மகனை என்றேனும் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று படிக்கவைக்க வேண்டும் என்று எண்ணிச் சேமிக்கும்போதோ அத்தொகை பாதியாகிவிடும். வெளிநாட்டில் வாழ்ந்து வேறொரு நாட்டுக் கணக்கில் கனவு காண்பவர் எவருக்கும் இந்த வேதனை புதிதல்ல.

வகுப்பில் அவர் பாடநூலைத் திறப்பதில்லை. சிறு குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, மாணவர் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளும் வண்ணம் எளிய ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார். அவர் மறைந்தபின் அம்மாணவர்களின் ஏடுகளிலிருந்தே அவருடைய விரிவுரைகள் அமெரிக்காவில் நூல்களாக வெளிவந்தன. மாட்சுவேயில் தம்மிடம் படித்த ஏழை மாணவர் ஒருவர் பல்கலைக்கழகம் வந்தபோது, தம் நூல்களுக்குச் செய்தி திரட்டும் பணியைக் கொடுத்து அவரை மாதந்தோறும் தாங்கினார். வீட்டில் ஆங்கிலம் இல்லை. அவருக்கு ஜப்பானிய மொழி சரியாக வராது. செட்சுவுக்கு ஆங்கிலம் வராது. இருவருக்கும் மட்டுமே விளங்கும் ஓர் உடைந்த ஜப்பானிய மொழியில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். அம்மொழியில்தான் செட்சு பழங்கதைகளைச் சொன்னார். அவையே 1904 இல் "குவைதான்" என்னும் நூலாயின. புத்தகத்தைப் பார்த்துப் படிக்காமல், உன் சொல்லில் சொல் என்று கேட்பாராம். மகனுக்கு மட்டும் நாள்தோறும் தாமே ஆங்கிலம் கற்பித்தார். பழைய செய்தித்தாளின் மேல் மையால் பெரிய எழுத்துகளாக எழுதிக் காட்டினார்.

இதே ஆண்டுகளில் ஒரு மாறுபட்ட காட்சி இலண்டனில் நடந்துகொண்டிருந்தது. 1900 அக்டோபரில் அரசின் உதவித்தொகையோடு சோசெக்கி ஆங்கிலம் கற்க அங்கே வந்து சேர்ந்திருந்தார். ஆண்டுக்கு 1,800 யென். ஏறக்குறைய 180 பவுன். ஊரிலிருந்த மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மாதம் 25 யென். கேம்பிரிட்ஜுக்குச் சென்று பார்த்துவிட்டு, இந்தத் தொகையில் அங்கே படிக்க இயலாது என்று திரும்பினார். மலிவான வாடகை அறைகள் ஒன்று மாற்றி ஒன்றாகக் குடியேறினார்; சில நாள் மதிய உணவு வெறும் பிஸ்கட்டு; மிஞ்சியதற்கெல்லாம் புத்தகம் வாங்கினார். தனிமையில் மனம் நொந்தது. அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்ற வதந்தி டோக்கியோவரை எட்டியது. ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்கு வந்தவர் மாதம் 400 யென்னில் வாழ, ஆங்கிலம் கற்க இங்கிலாந்துக்குச் சென்ற ஜப்பானிய ஆசிரியர் 150 யென்னில் வாடினார். எவரையும் குற்றம் சொல்ல இதைக் கூறவில்லை. ஆனால் இருவர் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் அடுத்து நடந்தது விளங்கும்.

1900 இல் தோயாமா இறந்தார். காப்பாளர் போனபின் ஹெர்னின் நிலை தளர்ந்தது. அயல்நாட்டு ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்டுவந்த நீண்ட விடுப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. அவர்தான் ஜப்பானியர் ஆயிற்றே! 1903 ஜனவரியில், மார்ச்சு மாதத்தோடு பணி முடிகிறது என்று கடிதம் வந்தது. மாணவர்கள் கொதித்தெழுந்து கூட்டம் கூட்டினர். பல்கலைக்கழகம் சற்று இறங்கி வந்து, குறைந்த நேரம், குறைந்த ஊதியம் என்று கேட்டது. முன்னொரு நாள் ஓவியரின் சம்பளத்தைக் கேட்டுச் சினந்தவர் இதை ஏற்பாரா? மறுத்துவிட்டார். அந்த இடம் பங்கிடப்பட்டது. அதில் ஒரு பங்குக்கு வந்து சேர்ந்தவர், இலண்டனிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த சோசெக்கி. பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 800 யென். ஹெர்ன் இரண்டு மாதங்களில் பெற்ற தொகை அது. உலகறிந்த எழுத்தாளரின் இடத்தில் தாம் எப்படி நிற்பது என்று சோசெக்கி தயங்கினார். மாணவர்களும் முதலில் அவரை முகமலர்ந்து வரவேற்கவில்லை. நான்கு ஆண்டுகள் சகித்தபின், 1907 இல், ஆசாகி நாளேடு மாதம் 200 யென் தர முன்வந்தபோது, எல்லாரும் வியக்கப் பல்கலைக்கழகத்தை உதறிச் சென்றார்.

பல்கலைக்கழகம் அநீதி செய்ததா? நாம் எளிதில் ஆம் என்று சொல்லிவிட முடியவில்லை. தம் நாட்டு ஆசிரியர்களைத் தம் நாட்டில் அமர்த்துவது எந்த நாட்டுக்கும் உரிமை; அதற்காகத்தான் அவர்களை அனுப்பிப் படிக்கவைத்தனர். ஹெர்னின் துயரம் வேறு இடத்தில் இருந்தது. விடுப்புக் கேட்டால் நீர் எம்மவர் என்றார்கள். இடம் வேண்டும் என்றபோது அவர் மீண்டும் அயலவர் ஆனார். அயலவராயிருந்ததற்காகக் கிடைத்த பணத்தைக் கொண்டே அவர் அந்நாட்டில் ஒரு வீட்டையும் உறவையும் சம்பாதித்தார். அவ்வுறவின் பொருட்டு அயலவர் என்ற நிலையை விட்டுக்கொடுத்தார். அதன்பின் அந்தப் பணத்தின் மீது அவருக்கிருந்த பிடி தளர்ந்துபோயிற்று.

இங்கே நம்மைத் தொடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டோக்கியோவில் தமக்கு எதிராக நடப்பவற்றுக்கெல்லாம் சேசு சபையாரின் மறைவான கை காரணம் என்று ஹெர்ன் ஐயுற்றார். 1904 இல் வெளிவந்த, ஜப்பானைப் பற்றிய தம் கடைசிப் பெருநூலிலும் அச்சபையைக் கடுமையாகச் சாடி ஓர் அதிகாரமே எழுதினார். நம் முத்துக்குளித்துறையில் திருமுழுக்குக் கொடுத்த கையோடு 1549 இல் ககோஷிமாவில் இறங்கிய புனித சவேரியாரின் சபைதான் அது. ஆனால் 17 ஆம் நூற்றாண்டின் வேதகலாபனையில் ஜப்பானிலிருந்து துரத்தப்பட்ட அச்சபையார் மீண்டும் அங்கே கால்வைத்தது 1908 இல். ஹெர்ன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து! அவர் கண்டு நடுங்கிய பகைவர் அந்நாட்டிலேயே இல்லை. சினங்கொள்ள நமக்குத் தோன்றவில்லை. கண்ணிழந்து, பெற்றோர் இன்றி, விடுதிச் சுவர்களுக்குள் வளர்ந்த ஒரு பையனின் பழைய அச்சம், டோக்கியோவில் சம்பளக் கடிதத்தைப் பிரித்த அந்த முதியவரின் கையிலும் நடுங்கியது போலும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் விரிவுரையாற்ற அழைத்தது. பின்னர் அந்த அழைப்பையும் திரும்பப் பெற்றது. 1904 இல் டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகம் அவரை மதிப்போடு ஏற்றுக்கொண்டது. ஆறு மாதம்கூட நிறைவாகக் கற்பிக்கவில்லை. செப்டம்பர் 26 அன்று மாலை மார்புவலி வந்து இறந்தார். வயது 54. மூன்று மகன்கள், ஒரு வயதே நிரம்பிய ஒரு மகள்.

குடியுரிமைக்காக அவர் கொடுத்த விலை அப்போதுதான் பலன் தந்தது. நிஷி ஒக்குபோவில் 1902 இல் குடியேறிய வீடு செட்சுவிடமே நின்றது. மிட்செல் மெக்டொனால்டு என்னும் அமெரிக்கக் கடற்படைக் கணக்கதிகாரி, ஹெர்னின் நண்பர், நூல்களின் உரிமைத்தொகை குடும்பத்திற்கு ஒழுங்காக வரும்படி பார்த்துக்கொண்டார். 1923 நிலநடுக்கத்தில் யோக்கோஹாமாவில் அவர் உயிரிழந்தார். மாணவர் ஏடுகளிலிருந்து தொகுத்த விரிவுரைகள் 1915 முதல் நூல்களாக வெளிவந்தன. ஒரு காலத்தில் 400 யென் பெற்றுக்கொண்டு வகுப்பறையில் மெதுவாகச் சொல்லி எழுதவைத்த சொற்களே அவை.

செட்சு 1932 வரை வாழ்ந்தார். டோக்கியோவின் சோஷிகயா கல்லறைத் தோட்டத்தில் கணவருக்கு அருகிலேயே அவருடைய கல்லும் இருக்கிறது. கணவர் கல்லில் கொய்சுமி யாக்குமோ என்ற ஜப்பானியப் பெயர் பொறித்திருக்கிறது. 1916 இல் இறந்த சோசெக்கியின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான்.